கல்யாணக் கடனோடு ஒரு மாத்திரை

(கூட்டமைப்பின் 20ஆம் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஊக்குநர் ஒருவர் பேசியது. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தந்திருக்கிறோம்.)



என்னைக் கடன் வசூல் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வசூல் பற்றிப் பேச இங்கே என்னைவிடக் கெட்டிக்காரிகள் இருக்கீங்க. நானும் கடனைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால் அது வட்டிக் கணக்கு இல்லை, நாள் கணக்கு. பிறக்கும்போதே குறையோடு பிறக்கிற பிள்ளைகளைப் பற்றிய கணக்கு.

இதை 25 வருஷமாக நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை. என் குழுவில் இருக்கிற 12 பேருக்கு மட்டும் தெரியும்.

எனக்குக் கல்யாணம் ஆகும்போது 18 வயசு. கட்டிக் கொடுத்தது என் தாய்மாமனுக்கு. எங்க அம்மாவுக்கு நேர் தம்பி. அதனால் என்னைத் தூக்கி வளர்த்த அம்மாச்சியே எனக்கு மாமியாரும் ஆனாங்க. வெளியே போகாத சொத்து, வெளியே போகாத பொண்ணு என்று ஊரே மெச்சிக்கொண்டது. 1999இல் மாசி மாசக் கடைசியில் உண்டானேன். சித்திரையில் அழகர் ஆத்துல இறங்கின அன்னைக்குத்தான், நாள் தள்ளிப் போயிருக்கு என்று அம்மாச்சியிடம் சொன்னேன். வைகாசியில் நர்ஸம்மாவிடம் பெயர் பதிந்தோம். கார்த்திகையில் ஆம்பளைப் பிள்ளை பிறந்தான்.

முகம் அவ்வளவு லட்சணம். ஆனால் முதுகில், இடுப்புக்கு மேலே, தோல் மூடாமல் திறந்திருந்தது. உள்ளே இருக்க வேண்டிய நரம்பு ஒரு பை மாதிரி வெளியே தள்ளியிருந்தது. கால் ரெண்டும் அசையவில்லை. 11 நாள் இருந்தான். பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் துக்கம் கூடிவிடும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். பெயர் இல்லாததால் துக்கம் குறைந்துவிடவில்லை.

காரியம் முடிஞ்ச மூணாம் நாள் அம்மாச்சி கேட்டாங்க. "ஆடி மாசம் கிரகணத்தன்னைக்கு நீ அருவாமனையில உக்காந்து கத்திரிக்கா நறுக்கினியே, நான் வேணாம்னு சொன்னேனே?"

உண்மைதான். அந்த வருஷம் ஆகஸ்ட் 11ஆம் தேதி சாயங்காலம் சூரிய கிரகணம். நானும் கத்திரிக்காய் நறுக்கினேன். அதற்கப்புறம் மூணு வருஷம் நான் அருவாமனையைத் தொடும்போதெல்லாம் கை நடுங்கும். என்னைத் தாலாட்டின வாயே அப்படிச் சொன்னதால், அது உண்மையாகத்தான் இருக்கும் என்று நானும் நம்பினேன்.

இப்போ நாள் கணக்கைப் பாருங்க. வயிற்றில் கரு தங்கி ஏறக்குறைய 28 நாளுக்குள் பிள்ளையின் மூளைக்கும் முதுகுத்தண்டுக்குமான குழாய் மூடிவிட வேண்டும். மூடாமல் விட்டால் அது தானாக அப்புறம் மூடாது. மாசிக் கடைசியில் உண்டான எனக்கு, பங்குனியிலேயே அந்த 28 நாள் முடிந்துபோனது. அழகர் ஆத்துல இறங்குவதற்கு முன்னாலேயே, நான் வாய் திறந்து வீட்டில் சொல்வதற்கு முன்னாலேயே முடிந்துபோனது. கிரகணம் வந்தது ஆடியில். என் பிள்ளையின் முதுகு அப்போது திறந்து நாலு மாசம் ஆகியிருந்தது. கத்திரிக்காய்க்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கணக்கை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எங்கள் குழுக் கூட்டம்தான். 2002இல் குழு ஆரம்பித்த புதுசு. ஒரு நர்ஸம்மா வந்து சத்து மாத்திரை பற்றிப் பேசினார்கள். ஃபோலிக் ஆசிட் என்கிற சின்ன மாத்திரையைக் கர்ப்பம் ஆவதற்கு முன்னாலிருந்தே போட வேண்டும், போட்டால் முதுகு திறந்த பிள்ளை பிறக்கிற வாய்ப்புப் பெருமளவு குறையும் என்றார்கள். நான் கூட்டத்திலேயே அழுதுவிட்டேன். எதற்கு அழுகிறேன் என்று அப்போது யாருக்கும் புரியவில்லை.

பின்னால் நான் படித்துத் தெரிந்துகொண்டது இது. என்னைப் போல ஏற்கெனவே ஒரு பிள்ளையை இப்படிப் பெற்ற பெண்களை 7 நாடுகளில், 33 இடங்களில் சேர்த்து ஓர் ஆராய்ச்சி நடத்தினார்கள். பாதிப் பேருக்கு இந்த மாத்திரை கொடுத்தார்கள், பாதிப் பேருக்குக் கொடுக்கவில்லை. மாத்திரை எடுத்தவர்கள் பக்கம் 6 பிள்ளைகளுக்குக் குறை வந்தது. எடுக்காதவர்கள் பக்கம் 21 பிள்ளைகளுக்கு வந்தது. வித்தியாசம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது மாத்திரை கொடுக்காமல் வைத்திருப்பது நியாயமில்லை என்று ஆராய்ச்சியை 1991இல் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

1991இல் உலகத்துக்குத் தெரிந்த விஷயம், 1999இல் எனக்குத் தெரியவில்லை. காசு இல்லாமல் நான் அந்த மாத்திரையை விடவில்லை. அது சில காசு பெறுகிற மாத்திரை. யாரும் சொல்லாததால் விட்டேன். பிள்ளை போன பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினபோதும், "அடுத்ததுக்கு முன்னாடி வந்து மாத்திரை வாங்கிக்கோம்மா" என்று ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லை.

சாதாரணமாக இது ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராம் போதும். என்னைப் போல ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்களுக்கு அதில் பத்து மடங்குக்கும் மேலே தேவை. டாக்டர் எழுதிக் கொடுத்து 5 மில்லிகிராம் மாத்திரையை மூணு மாசம் முன்னாலிருந்தே போட்டேன். 2004 தை மாசம் என் மகள் பிறந்தாள். பிறந்தவுடனே நர்ஸிடம் நான் கேட்டது ஆணா பொண்ணா என்று இல்லை. "முதுகைத் திருப்பிக் காட்டுங்க" என்று கேட்டேன்.

மாத்திரையால்தான் அவள் தப்பினாள் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. முதல் பிள்ளைக்கு அப்படி ஆனவர்களிலும் பெரும்பாலானவர்களுக்கு அடுத்தது நன்றாகவே பிறக்கும். ஆனால் அந்தப் பத்து மாசமும் நான் பயந்து சாகாமல் இருந்ததற்கு அந்த மாத்திரைதான் காரணம்.

இப்போது சொல்லப் போவதுதான் எனக்குக் கஷ்டமானது.

2019இல் நம்ம கூட்டமைப்பில் ஒரு உறுப்பினர் மகள் கல்யாணத்துக்கு 50,000 ரூபாய் கடன் கேட்டார்கள். படிவத்தை எழுதியது நான். பந்தல், சீர், மண்டபம் என்று ஒவ்வொன்றாகச் செலவுக் கணக்கு எழுதினேன். தவணை எத்தனை, ஜாமீன் யார் என்று கேட்டேன். அந்தப் பொண்ணு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. மாத்திரையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. கல்யாணப் பேச்சு நடக்கிற இடத்தில் அபசகுனமாக எதுக்குப் பேசணும் என்று நினைத்தேன். அடுத்த வருஷக் கடைசியில் அந்தப் பொண்ணுக்குப் பிள்ளை பிறந்தது. என் பிள்ளைக்கு இருந்த அதே குறை.

அந்தப் பையனை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தார்கள். இருக்கிறான். கால் ரெண்டும் மரத்துப் போயிருக்கிறது. அம்மா இடுப்பில் உட்கார்ந்துகொண்டு தெருவில் போகிற எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். பேச்சில் அவனை ஜெயிக்க முடியாது. அவன் அம்மா ஒரு நாள் என்னிடம் கேட்டது: "அக்கா, உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமாக்கா?"

தெரியும் என்றுதான் சொன்னேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. மாத்திரை போட்டிருந்தால் கட்டாயம் தப்பியிருப்பான் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் சொல்லாமல் விட்டது நான். ஆஸ்பத்திரியில் இருக்கிறவர்கள் என்னிடம் சொல்லவில்லை என்று 20 வருஷம் குறைப்பட்டுக்கொண்டேன். என் முறை வந்தபோது நானும் அதையேதான் செய்தேன்.

அதிலிருந்து எனக்கு ஒன்று புரிந்தது. நர்ஸம்மாவுக்கு ஒரு பொண்ணு கர்ப்பம் என்பது, அந்தப் பொண்ணு வந்து சொன்ன பிறகுதான் தெரியும். அதற்குள் அந்த 28 நாள் ஓடிப் போயிருக்கும். ஆனால் எந்த வீட்டில் எந்தப் பொண்ணுக்கு எந்த மாசம் கல்யாணம் என்பது நமக்குத் தெரியும். எப்படி? கல்யாணக் கடன் நம்மிடம்தானே வருகிறது! ஆஸ்பத்திரிக்கு முன்னால் நம்ம தீர்மானப் புத்தகத்துக்குத்தான் சேதி வருகிறது. அதனால் சொல்ல வேண்டிய இடமும் இதுதான்.

கீரை, பயறு சாப்பிட்டால் போதாதா என்று சிலர் கேட்பீங்க. முருங்கைக்கீரை, அரைக்கீரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை எல்லாவற்றிலும் இந்தச் சத்து இருக்கிறது. சாப்பிடுங்க. ஆனால் சமைக்கும்போது பாதிக்கு மேலே கூடப் போய்விடும், அதனால்தான் மாத்திரை. ரேஷன் அரிசியில் பளபளவென்று வேற மாதிரி சில அரிசி கிடக்கிறதே, "பிளாஸ்டிக் அரிசி" என்று முறத்தில் பொறுக்கி வீசுகிறோமே, அது பிளாஸ்டிக் இல்லை. இரும்புச் சத்தும், ஃபோலிக் ஆசிடும், பி12 வைட்டமினும் சேர்த்துச் செய்த அரிசி. வீசாதீங்க. பள்ளிக்கூடத்தில் பொம்பளைப் பிள்ளைகளுக்கு வாரம் ஒண்ணு கொடுக்கிற நீல மாத்திரையிலும் இந்தச் சத்து இருக்கிறது. அதைப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக எறிகிறதா, முழுங்குகிறதா என்று வீட்டில் கேளுங்க.

இன்னும் சில விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சர்க்கரை வியாதி இருக்கிறவர்கள், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே பிள்ளைக்கு யோசிக்கணும். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தானாக நிறுத்திவிடக் கூடாது. கல்யாணத்துக்கு முன்னாலேயே டாக்டரிடம் காட்டி எந்த மாத்திரை ஆகும், எது ஆகாது என்று கேட்கணும். ருபெல்லா என்கிற அம்மை கர்ப்பத்தின் தொடக்கத்தில் வந்தால் பிள்ளையின் கண், காது, இதயம் பாதிக்கும். 1941இலேயே ஆஸ்திரேலியாவில் ஒரு கண் டாக்டர் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். தடுப்பூசி இருக்கிறது. 2017இல் நம்ம பள்ளிக்கூடங்களில் தட்டம்மையோடு சேர்த்துப் போட்டார்களே, வதந்தியை நம்பிப் பலபேர் பிள்ளைகளை லீவு போட வைத்தோமே, அது இந்த ஊசிதான். மசக்கை வாந்திக்கு மெடிக்கலில் நீங்களாக மாத்திரை கேட்டு வாங்காதீங்க. 1950களின் கடைசியில் தாலிடோமைடு என்று ஒரு மாத்திரையை வாந்திக்கும் தூக்கத்துக்கும் பல நாடுகளில் விற்றார்கள். அதனால் 10,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் கை கால் குறையோடு பிறந்தார்கள்.

அடுத்தது சொந்தத்தில் கல்யாணம். இதைப் பேசினால் பாதிப்பேர் எழுந்து போயிடுவீங்க, இருந்தாலும் பேசுகிறேன். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100க்கு 28 பெண்கள் சொந்தத்தில்தான் கட்டியிருக்கிறார்கள். பொதுவாக எந்த ஊரிலும் 100 பிள்ளைகளில் ரெண்டு மூணு பிள்ளைக்குப் பெரிய குறை ஏதாவது இருக்கும். அத்தை மகன், மாமன் மகள் என்று கட்டினால் அது ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆகிறது. அப்போதும் 100க்கு 90க்கு மேலே நல்ல பிள்ளைகள்தான். அதனால்தான், "நானும் சொந்தத்துலதான் கட்டினேன், எனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்க முடிகிறது. ஒரு குடும்பத்தின் ரத்தத்தில் ஒளிந்திருக்கிற ஒரே கோளாறு, அப்பா பக்கமும் அம்மா பக்கமும் சேர்ந்து வந்தால் பிள்ளையிடம் வெளியே தெரியும். காது கேளாமை, ரத்த வியாதிகள், மூளை வளர்ச்சிக் குறை சிலது இப்படி வரும். என் மகனுக்கு எது காரணம் என்று என்னால் சொல்ல முடியாது.

போன வருஷம் என் தம்பி, அவன் மகனுக்கு என் மகளைக் கேட்டு வந்தான். என் வீட்டில் ஏற்கெனவே மாமனைக் கட்டியாச்சு. அதற்கு மேலே மறுபடியும் அதே ரத்தம். நான் வேண்டாம் என்று சொன்னேன். "படிச்ச திமிரு" என்று சொல்லிவிட்டுப் போனவன், இந்தப் பொங்கலுக்குச் சீர் கொண்டுவரவில்லை. வாசல்படியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இது லேசான காரியம் என்று நான் உங்களுக்குச் சொல்லவில்லை. ஏற்கெனவே சொந்தத்தில் கட்டியவர்கள் பயப்பட வேண்டாம். முன்கூட்டி மாத்திரை போடுங்க, 12 வாரத்துக்குள் பதியுங்க, அஞ்சாம் மாச ஸ்கேனைத் தவறவிடாதீங்க.

பிள்ளை பிறந்த பிறகும் நாள் கணக்கு உண்டு. நம்ம குழு உறுப்பினர் ஒருத்தரின் பேரனுக்குப் பாதம் ரெண்டும் உள்பக்கமாக மடங்கியிருந்தது. ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு இப்படிப் பிறக்கும். "எண்ணெய் தேச்சு நீவிவிட்டா நிமிந்துரும்" என்று பாட்டி சொன்னாங்க. மூணாவது வாரம் நாங்கள் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். வாரா வாரம் மாவுக்கட்டு. ஒவ்வொரு கட்டுக்கும் பாதம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே திரும்பியது. ஆறு கட்டுக்கப்புறம் குதிகாலில் நரம்பு மாதிரி இருக்கிற தசைநாரில் ஒரு சின்ன வெட்டு, அப்புறம் நடுவில் கம்பி வைத்த ஷூ. முதல் மூணு மாசம் நாள் பூரா, அதற்கப்புறம் நாலு வயசு வரைக்கும் தூங்கும்போது மட்டும். இப்போ அவன் ரேஷன் கடைக்கு ஓடுகிற ஓட்டத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கீங்க. இதில் பாதியில் விட்டால் கால் பழையபடி மடங்கிவிடும். பல குடும்பங்கள் பாதியில் விடுவது மனசில்லாமல் இல்லை, பஸ்ஸுக்கும் ஒரு நாள் கூலிக்கும் வழியில்லாமல்தான்.

அதனால் பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டும்போது பாருங்க. முதுகில் வீக்கமோ, குழியோ, முடிக்கற்றையோ இருக்கிறதா? பாதம் நேராக இருக்கிறதா? உதடும் உள் அண்ணமும் பிளந்திருக்கிறதா? கண் பாப்பாவில் வெள்ளை தெரிகிறதா? பால் குடிக்கும்போது மூச்சு வாங்கி, வேர்த்து, உதடு நீலமாகிறதா? சத்தம் கேட்டால் திடுக்கிடுகிறதா? முதல் நாளே மலம் போனதா? ஒன்றில் சந்தேகம் வந்தாலும் அன்றைக்கே நர்ஸம்மாவிடம் காட்டுங்க. திறந்த முதுகில் மஞ்சள், எண்ணெய், விபூதி எதுவும் வைக்கக் கூடாது. சுத்தமான ஈரத்துணியால் லேசாக மூடி, குப்புறவோ ஒருக்களித்தோ வைத்து உடனே கொண்டுபோகணும்.

இதற்கு அரசாங்கத்தில் 2013இலிருந்து ஆர்.பி.எஸ்.கே. என்று ஒரு திட்டம் இருக்கிறது. பிறந்த பிள்ளையிலிருந்து 18 வயசு வரை பார்க்கிறார்கள். டாக்டர் குழு அங்கன்வாடிக்கு வருஷம் ரெண்டு தடவை, பள்ளிக்கூடத்துக்கு ஒரு தடவை வரணும். வந்தார்களா என்று கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது. ஆபரேஷனுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. பிள்ளை பிறந்தவுடனே குடும்ப அட்டையில் பெயர் சேர்த்து வைத்தால் கடைசி நேரத்தில் அலைய வேண்டாம்.

கடைசியாக இந்தப் பொதுக்குழுவில் மூன்று தீர்மானம் வைக்கிறேன்.

ஒன்று, கல்யாணக் கடன் படிவத்தில் ஒரு வரி சேர்க்கணும்: "மணப்பெண்ணுக்கு ஃபோலிக் ஆசிட் மாத்திரை பற்றிச் சொல்லப்பட்டது." அதற்குக் கீழே ஊக்குநரும் அந்தப் பொண்ணும் கையெழுத்துப் போடணும். அந்தக் கையெழுத்து இல்லாமல் கடன் பட்டுவாடா கூடாது. மாத்திரை எந்த அளவு, எப்போது என்று நர்ஸம்மா சொல்வார்கள்.

இரண்டு, மாவுக்கட்டு, ஆபரேஷன், பயிற்சி என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகிற உறுப்பினருக்குக் கூட்டமைப்பு அவசர நிதியிலிருந்து வட்டியில்லாமல் பஸ் செலவு தரணும்.

மூன்று, நம்ம அங்கன்வாடி வாசலில் மூணு படி இருக்கிறது. அதைச் சரிவுப் பாதையாக மாற்றக் கிராம சபையில் மனு கொடுக்கணும். ஏன் என்று உங்களுக்கே தெரியும். தெருவில் போகிற எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவன் அந்தப் படிக்குக் கீழேயே நின்றுவிடக் கூடாது.

ஒரு பிள்ளை குறையோடு பிறந்தால் அந்த வீட்டுக்குப் போகிறவர்கள், "நீ என்ன செஞ்ச?" என்று கேட்காதீங்க. அவள் ஒன்றும் செய்யவில்லை. "என்னைக்கு ஆஸ்பத்திரி போகணும், நானும் வாரேன்" என்று கேளுங்க. என்னிடம் அப்படி ஒருத்தர் கேட்டிருந்தால் அந்த மூணு வருஷம் எனக்குக் கை நடுங்கியிருக்காது.

தீர்மானத்துக்குச் சம்மதம் உள்ளவர்கள் கையைத் தூக்குங்க. கைநாட்டு வைக்கிறவர்களும் தூக்கலாம்.



(மூன்று தீர்மானங்களும் ஒருமனதாக நிறைவேறின.)